வாளையாற்றுக்கு மேற்கே

காலை ஆறு ஐம்பது, உக்கடத்தில் ஏறுகிறேன்.
சாவடியில் லாரிகள் ஒன்றன் வாலை ஒன்று பிடித்து நிற்கும்.
என்னை யாரும் நிறுத்துவதில்லை.
குடை, டிபன் பாக்ஸ்,
நேற்றைய அளவுகள் எழுதிய நோட்டு.
பாலம் தாண்டியதும்
கடைப்பலகைகளில் எழுத்து உருண்டுகொள்ளும்.

சேர்ந்த முதல் வாரம்
எலிக்கூண்டு அறையிலிருந்து செந்தாமராட்சன் கத்தினார்:
"டீச்சரே, வெள்ளம்! வெள்ளம் வேணும்!"
செருப்பை விட்டுவிட்டு ஓடினேன்.
தரை காய்ந்திருந்தது.
எலிகளின் புட்டிகளும்.
எங்கள் ஊரில் வீட்டை இழுத்துக்கொண்டு போவது
இங்கே தாகத்துக்குக் குடிப்பது.
சொல் ஒன்றுதான்.

என் வேலையும் அப்படி ஒன்றோடுதான்.
இரும்பு ஆக்சைடு, பன்னிரண்டு நானோமீட்டர்.
சீசாவின் அடியில்
முதல் டிகாக்ஷன் போல் கறுப்பு.
நொதி அல்ல. நொதியின் வேலையைச் செய்யும்,
ஃப்ரிட்ஜில் வைக்க மறந்தால் கெட்டுப்போகாது,
சூட்டில் முட்டை போலத் திரியாது.

ரத்தத்தில் இருக்கும்வரை
பெராக்சைடைப் பிடித்துத் தண்ணீராக்கும்,
கூடக் கொஞ்சம் ஆக்சிஜன்.
கட்டிக்குள் புளிப்பு.
அங்கே போனால் அதே துகள்
அதே பெராக்சைடைக் கிழித்து எரிக்கும்.
எங்கே சாவடி என்று
அதற்கு யாரும் சொல்லித் தரவில்லை.
புளிப்புத் தட்டியதும் பேச்சு மாறும்.

சோதனைக் குழாயில் நிறமில்லாத கரைசல்
அது பட்டதும் நீலமாகிவிடுகிறது,
வேட்டிக்குச் சொட்டு நீலம் கலக்கிய வாளி மாதிரி.
முதல்முறை அந்த நீலம் வந்த அன்று
டிபன் பாக்ஸைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

உடம்பு சோதனைக் குழாய் இல்லை.
ஊசியில் ஏற்றியதில் பெரும்பகுதி
கல்லீரலிலேயே இறங்கிவிடுகிறது,
அரைத்தூக்கத்தில் தவறான நிறுத்தத்தில்
இறங்கி நிற்பவர்களைப் போல.

செந்தாமராட்சனின் தம்பி அப்புக்குட்டன்
கஞ்சிக்கோட்டு உருக்காலையில் பத்தொன்பது வருஷம்.
கணவாய்க் காற்று அடிக்கும்போதும்
அவன் சட்டை அசையாது என்பார், அவ்வளவு இரும்புத்தூள்.
மகரத்தில் கன்னத்துக்குள் ஒரு புண்.
கும்பத்தில் வாய் திறக்கவில்லை.
இப்போது திருவனந்தபுரத்துக்கும் வீட்டுக்குமாக
ராத்திரி ரயிலில், பொதுப்பெட்டியில்.

ஒரு நாள் சீசாவை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.
"அவன் தின்னாத இரும்பா டீச்சரே?
அந்த இரும்புக்கு ஏன் இந்தப் புத்தி வரலை?"

அளவு, என்றேன்.
பரப்பு, என்றேன்.
ஒரு ஆணியை இடித்து, இடித்ததை இடித்து,
இடித்துக்கொண்டே போனால்...
பாதியில் எனக்கே கூச்சமாகிவிட்டது.

"மனுஷனுக்கு எப்போ?"
பத்து வருஷம், என்றேன்.
வராமலும் போகலாம் என்பதை
அவர் மொழியில் சொல்ல எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை.
சீசாவை இருந்த இடத்திலேயே வைத்தார்,
லேபிள் என் பக்கம் பார்க்கும்படி.
மரத்தூள் மாற்றப் போனார்.

நேற்று பதினான்காம் எலி.
விலாவில் கொண்டைக்கடலையாக இருந்தது
கடுகாகியிருந்தது.
காலிப்பரைத் துடைத்துவிட்டு இன்னொரு தரம் அளந்தேன்.
கடுகுதான்.
அதே மருந்து போட்ட மற்ற ஏழில் நான்கு செத்துவிட்டன.
அதையும் அதே பேனாவால் எழுதினேன்.

பிழைத்துக்கொண்டதால்
இன்று பதினான்கை அறுத்துப் பார்க்க வேண்டும்:
கட்டிக்கு எவ்வளவு போனது,
கல்லீரலில் எவ்வளவு தங்கியது.
கையுறை மாட்டிக்கொண்டு
கூண்டை எடுத்துவரச் சொன்னேன்.

செந்தாமராட்சன் போனார்.
நேரமாயிற்று.
கதவருகே திரும்பி வந்து நின்றார்,
கையில் கூண்டு இல்லை, புட்டி மட்டும்.

"வெள்ளம் கொடுத்துட்டு எடுத்து வரட்டுமா?"